மீட்டர் பாதி காட்டியது

வேனில் இருக்கும் குளிர்பெட்டியில் தன் இன்சுலினை வைக்க மாட்டேன் என்று என் மனைவி சொல்லி ஏழு மாதம் ஆகியிருந்தது. இன்சுலின் போகாத இடத்துக்கு அவளும் போக முடியாது. அவள் வராத வேனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் மின் பராமரிப்பில் இருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் பழைய வேன் ஒன்றை வாங்கி, கிள்ளானில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் நிறுத்தி, படுக்கை, விசிறி, குளிர்பெட்டி எல்லாவற்றையும் நானே பொருத்தினேன். இவற்றை ஓட்டக் கட்டிலுக்கு அடியில் இரண்டு லித்தியம் பேட்டரிகள். ஒன்று நூறு ஆம்பியர்-மணி, இரண்டும் சேர்ந்தால் இருநூறு. எடுத்தது போக எவ்வளவு மிச்சம் என்று சொல்ல ஒரு மீட்டரும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அந்த மீட்டரைக் காட்டாத நாள் குறைவு.

முதல் பயணம் லுமுட் பக்கத்துக் கடற்கரைக்கு. மூன்றாம் நாள் மத்தியானம் வேனுக்குள் ஏறினேன், குளிர்பெட்டி நின்றிருந்தது. மீட்டர் பாதி இருக்கிறது என்றது. எஞ்சினைப் போட்டதும் பெட்டி மறுபடி ஓடியது. எவ்வளவு நேரம் நின்று கிடந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் வந்து கேட்டபோது, "இப்பத்தான் நின்னுச்சு, அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்றேன். அன்று சாப்பாட்டுக்கு முன் அவள் அதிலிருந்து ஒரு புது ஊசிப் பேனாவை எடுத்தாள். அடுத்த மூன்று நாள் சர்க்கரை இறங்கவே இல்லை. வீடு திரும்பி அந்தப் பேனாக்களைத் தூக்கிப் போட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

பேட்டரி விற்ற செராஸ் கடைப் பையன்தான் ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டினேன். போனில் பிடித்து, "இருநூறுன்னு குடுத்தே, பாதிதான் வருது தம்பி" என்றேன்.

"டெஸ்ட் பண்ணீங்களா அண்ணே? ஃபுல் சார்ஜ் போட்டு, லோடு குடுத்து, கட் ஆகுற வரைக்கும் ஓட விடுங்க. நம்பர் வந்ததும் பேசுவோம் லா."

எனக்கே சோதனை சொல்லித் தருகிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது. உண்மை என்னவென்றால் நான் சோதிக்கவே இல்லை. முப்பது வருடம் அடுத்தவன் இயந்திரத்தை எல்லாம் சோதித்தவனுக்குச் சொந்த வேனைச் சோதிக்கப் பயம். பேட்டரி கெட்டது என்று எண் வந்துவிட்டால், அவளை மறுபடி கூப்பிட எனக்கு வாய் இருக்காது.

ஏழு மாதம் கழித்து, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, துணிந்தேன். முழுதாக சார்ஜ் ஏற்றி, காலை ஏழு மணிக்கு இருபது ஆம்பியர் இழுக்கும்படி விளக்குகளையும் விசிறிகளையும் போட்டுவிட்டு, ஒரு பழைய பள்ளி நோட்டோடு முக்காலியில் உட்கார்ந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை வோல்ட்டைக் குறித்தேன். இருநூறு வர பத்து மணி நேரம் ஓட வேண்டும். பன்னிரண்டு அடிக்கும்போது விளக்குகள் மங்கின, விசிறிகள் சுருதி இறங்கின. மீட்டர் அதே பாதியில் நின்றது.

கட்டிலைத் தூக்கினேன். முதல் பேட்டரி காலி. இரண்டாவதின் பித்தளை முனையில் வோல்ட்மீட்டரை வைத்து அளந்தால் பதிமூன்று வோல்ட். அதே முனையில், அரை அங்குலம் தள்ளிக் கேபிளில் அளந்தால் ஒன்பது. கேபிள் முனையில் இருக்கும் செப்பு வளையத்தைத் தொட்டேன், சுட்டது. எல்லாவற்றையும் அணைத்து, ஆறவிட்டு, திருகைக் கழற்றினேன். வளையத்துக்கும் பித்தளை முனைக்கும் நடுவில் காய்ந்து கருகிய சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

பொட்டு வைத்தது நான்தான். போன ஆயுத பூஜைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சந்தனம் வாங்கி வந்து, சுத்தியல், ஸ்பேனர், மீட்டர் என்று ஒன்று விடாமல் வைத்தேன். பேட்டரிக்கு வந்தபோது அவள், "மேல மூடியில வச்சா போதாதா?" என்று கேட்டாள். "வேலை செய்யுற இடத்துல வைக்கணும்" என்று நான் பெரிய சாஸ்திரி மாதிரி சொல்லி, கேபிளைக் கழற்றி, பித்தளையைத் துடைத்துப் பளபளப்பாக்கி, அதன் நட்ட நடுவில் வைத்தேன். காய்வதற்குள் அதன் மேலேயே வளையத்தை வைத்து முறுக்கினேன். மூன்று வாரம் கழித்து லுமுட் போனோம். தொழிற்சாலையில் வேலை பழக வந்த எந்தப் பையன் இதைச் செய்திருந்தாலும் ஒரு மாதம் அவனைக் கேலி செய்தே கொன்றிருப்பேன்.

அவள் தேநீரோடு போர்ச்சுக்கு வந்தாள். திருகு லூசு என்று சொல்லியிருக்கலாம், கொஞ்சம் லூசாகத்தான் இருந்தது. கருகிய சந்தனத்தைத் துணியில் வைத்து அவளிடம் நீட்டினேன்.

"நான் வச்ச பொட்டு. இதுதான் கரண்ட்டை மறிச்சிருக்கு. பேட்டரி மேல தப்பில்ல."

அவள் சிரிக்கவில்லை. எனக்குச் சொல்ல இன்னொன்றும் பாக்கி இருந்தது.

"அன்னைக்கு அஞ்சு நிமிஷம் இல்ல. எப்ப நின்னுச்சுன்னே எனக்குத் தெரியாது."

"தெரியும்" என்றாள். "ஐஸ் முழுக்கத் தண்ணியா கெடந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல அவ்வளவும் கரையுமா?"

"பிறகு ஏன் அந்த ஊசியைப் போட்டே?"

"நீங்க சொன்னீங்கல்ல."

தேநீரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன், தேநீர் ஆறிவிட்டது.

முனையையும் வளையத்தையும் சுரண்டித் தேய்த்து, இறுக்கி முறுக்கி, மறுபடி சார்ஜ் ஏற்றினேன். செராஸ் பையனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குத் திரும்பவும் ஓடவிட்டேன். இந்த முறை மீட்டர் பாதியைத் தாண்டி இறங்கிக்கொண்டே போனது. சாயங்காலம் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் அணைந்தது. உள்ளே போனேன். அவள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எவ்வளவு வந்துச்சு?" என்று தலை தூக்காமல் கேட்டாள்.

இருநூறு என்று நாக்கு நுனி வரை வந்தது.

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு" என்றேன். "எட்டு குறையுது. ஏன்னு தெரியல."

கீரையைத் தள்ளி வைத்து எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து, ஊசிப் பேனாக்கள் இருந்த டப்பாவை எடுத்தாள்.

"சார்ஜ் போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு, டப்பாவோடு வேன் பக்கம் நடந்தாள்.