அபிஷாவின் கைக்கு ஒரு பிடி

1. சிவந்த தடம்

ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டெல்லா தன் மகளின் வலது கையை என் மேஜைமேல் வைத்து, மூடியிருந்த விரல்களைப் பைய விரித்தாள்.

"பிள்ளைக்க கையப் பாருங்க மேடம்."

அபிஷாவுக்கு ஆறு வயது. செரிபிரல் பால்ஸி. தசை இறுகி, கை எப்போதும் முஷ்டியாகவே இருக்கும். பேச்சும் தெளிவாக வராது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் சிவந்து கன்றியிருந்தது. நான் செய்து கொடுத்த பென்சில் பிடி அழுத்திய இடம் அது.

தக்கலைப் பக்கம் ஒரு சிறிய தெரபி மையத்தில், அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக அப்போது இருந்தேன். தெர்மோபிளாஸ்டிக்கை வெந்நீரில் இளக்கி, மூன்று விரலும் பென்சிலில் படியும்படி வார்த்து, ஸ்ட்ராப் வைத்த பிடி அது. கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டிருந்தேன்.

"கொஞ்ச நாள் போட்டா பழகிரும்" என்றேன்.

"வலிச்சா அவளுக்குச் சொல்லத் தெரியாது மேடம். நாமதான் பாக்கணும். இனி நாங்க வரல்ல."

பிடியை மேஜையிலேயே வைத்துவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஜூன் மாதத்துக்குள் நாலு எழுத்தாவது எழுதினால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்போம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அதற்கு மூன்று மாதம்தான் இருந்தது.

2. ஈர மணல்

சனிக்கிழமை பஸ் ஏறி அவர்கள் ஊருக்குப் போனேன். மண்டைக்காட்டுக்கு மேற்கே, கடலோரம். சாயங்கால வெயிலில் கடல் பால் காய்ச்சியதுபோல வெளுத்துக் கிடந்தது. கொஞ்சம் தள்ளிப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அபிஷா மட்டும் ஈர மணலில் தனியாக இருந்தாள்.

முஷ்டியை மணலில் ஊன்றி, தோளிலிருந்து கையை இழுத்தாள். அகலமாக ஒரு கோடு விழுந்தது. அலை வந்து அதை நக்கிக்கொண்டு போனது. அவள் சிரித்துவிட்டு மறுபடி இழுத்தாள். எத்தனை முறை என்று தெரியாது. வந்த காரியம் மறந்து நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன். நுரை என் சேலை ஓரத்தை நனைத்துப் போனதுகூட வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஸ்டெல்லா பின்னால் வந்து நின்றாள்.

"தப்பு என்மேலதான் ஸ்டெல்லா" என்றேன்.

அவள் மகளைக் கைகாட்டினாள். "தெனமும் இதுதான் மேடம். இஞ்ச கொண்டு இருத்துனா வீட்டுக்கு வரவே மாட்டா."

"மக்கா, இது என்ன?" என்று அபிஷாவிடம் கேட்டேன்.

வாய் கோணி, வெகு பாடுபட்டுச் சொன்னாள்: "வ...ள்ளம்."

வள்ளம் என்றால் அந்தக் கரையில் மீன்பிடிப் படகு. ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவளுக்க அப்பா தங்கலுக்குப் போயி இருவது நாளாச்சு" என்றாள். வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பதைத்தான் தங்கல் என்பார்கள்.

3. முஷ்டிக்குள் ஒரு குச்சி

அடுத்த வாரம் வேறு பிடி செய்து, அவர்கள் ஊருக்கே கொண்டு போனேன். விரல்களைப் பிரிக்கப் பார்க்கவில்லை. பிவிசி பைப் துண்டில் தடிமனாக ஃபோம் சுற்றி, அவள் முஷ்டிக்குள் செங்குத்தாக நிறுத்தினேன். அடியில் ஒரு குச்சி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றித் தோலைப் பார்த்தேன். தடம் இல்லை.

ஸ்டெல்லாவும் நானும் அவளை அதே மணலில் இருத்தினோம். முதல் கோடு மெல்லியதாக விழுந்தது. அவள் குச்சியின் நுனியையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வளைவாக ஒரு வள்ளம், அதற்குள் ஒரு வட்டம். வட்டம் அப்பாவாம்.

ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி வந்து குனிந்து பார்த்தாள். "ஏட்டி, எனக்கும் ஒண்ணு வரஞ்சு தா" என்று பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அபிஷாவிடம் ஒரு பிள்ளை எதையாவது கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

குச்சியை எடுத்துவிட்டுச் சாக்பீஸ், அப்புறம் தடித்த கிரேயான் பொருத்தினோம். மே மாதக் கடைசியில் ஒரு முழுத் தாளை அடைத்துக்கொண்டு 'வ' எழுதினாள். பிறகு 'ப', 'ட', 'ம'. பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள்.

"இப்பம் செவரு முழுக்க வள்ளம் மேடம்" என்று ஸ்டெல்லா போனில் சொன்னாள். "வெள்ளையடிச்சாலும் மறுநாளு கடலுதான்."

நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடமும், புதிதாக வந்த எந்தப் பிள்ளைக்கும் முதல் நாளே அளவு எடுக்கவில்லை. தரையில் விளையாட விட்டு, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வதும் அதுதான். பிடி வார்க்க வெந்நீர் வைக்க அவசரப்படாதீர்கள். அந்தக் கை ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.