வெள்ளைத் துணி உலர்த்தாத சனிக்கிழமைகள்

சனிக்கிழமை என்றால் டோலோர்ஸ் கொடியில் வெள்ளைத் துணி உலர்த்தக் கூடாது. கல்யாணமாகி கிரேஸ்டேன்ஸ் புறநகர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அந்தச் சட்டம் அமலில் இருந்தது. கறுப்பு, நீலம், பூப்போட்டது எதுவானாலும் காயலாம். வெள்ளைப் படுக்கை விரிப்பு மட்டும் காற்றில் படபடக்கக் கூடாது. மேற்கே தொலைதூரத்துக் கூனம்பிள் ஊரில் விடிகாலையில் திறந்துவிட்ட பந்தயப் புறா, மலையைத் தாண்டி, பருந்துக்குத் தப்பி, வீட்டுக் கூரைக்கு மேலே வந்து சேரும் நேரத்தில் ஒரு வெள்ளைத் துணி ஆடினால் போதும், மிரண்டு மறுபடி மேலே ஏறிவிடும். அது பலகையில் இறங்கி கூண்டுக்குள் நுழைந்தால்தான் கடிகாரத்தில் நேரம் பதியும். வானத்தில் ஜெயித்துவிட்டு வாசலில் தோற்ற புறாக்களின் கதையை அந்தப் பக்கத்து மால்டாக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

“என் தலையெழுத்து. துணி காயப்போடக்கூட புறாகிட்ட உத்தரவு கேக்கணும்” என்பாள் டோலோர்ஸ்.

“கேட்டுப் பாரு. உன்னைவிட மரியாதையா பதில் சொல்லும்” என்பார் அவள் கணவர் விஸ்டின்.

விஸ்டின் செராஃபா சிமெண்ட் வேலைக்காரர். பத்தொன்பது வயதில் மால்டாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வீட்டு முகப்புப் பாதைகளில் பாதி அவர் கை மட்டம் பார்த்துப் போட்டவை. வாரம் ஐந்து நாள் சிமெண்டோடு குனிந்து கிடப்பார். சனிக்கிழமையானால் கொல்லையில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் கூட்டாளி சால்வு. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தட்டில் பஸ்தீத்சி என்ற மால்டாப் பலகாரம் ஆறிப்போய்க் கிடக்கும். புறா கண்ணில் பட்டதும் விஸ்டின் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அது சுற்றி, இறக்கை மடக்கி, பலகையில் கால் வைத்து, உள்ளே போகும்வரை விடமாட்டார்.

“இவன் முத்துக் குளிக்கப் போயிருக்கணும். தப்பித் தவறி சிமெண்டுக்கு வந்துட்டான்” என்று சால்வு கேலி செய்வார்.

பந்தயம் முடிந்ததும் ஜெயித்த புறாவைக் கையில் எடுத்து, மார்பு இறகை வாயால் ஊதிப் பிரித்துப் பார்ப்பார் விஸ்டின். விட்ட கையில் மாவு மாதிரி வெண்தூள் ஒட்டியிருக்கும். நல்ல புறாவுக்கு அடையாளமே அந்தத் தூள்தான். குளித்த தண்ணீரின் மேல் பாலாடை போல அது படர்ந்தால் புறா திடமாக இருக்கிறது என்று அர்த்தம். தூள் இல்லாத புறாவைப் பந்தயச் சங்கத்தில் யாரும் சீந்த மாட்டார்கள். விஸ்டினின் கூண்டில் மட்டும் காலை வெயில் விழும்போது தூள் மிதப்பது கண்ணுக்கே தெரியும். “பார்றா, தங்கம் பறக்குது” என்பார்.

இருமல் எப்போது வந்தது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. புறாக்காரர்கள் எல்லோரும் கொஞ்சம் இருமுவார்கள். சங்கக் கூட்டம் நடக்கிற அறையை வெளியிலிருந்து கேட்டால் ஆஸ்பத்திரி வார்டு என்றுதான் தோன்றும். அது தொழிலோடு வந்த மச்சம் மாதிரி. ஆனால் விஸ்டினுக்கு முகப்புப் படிகள் ஏறும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்தது. குடும்ப டாக்டர் ஆஸ்துமா என்று உறிஞ்சு மருந்து கொடுத்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் சிமெண்ட் தூசி, பின்னே எப்படி இருக்கும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். விஸ்டினும் சிமெண்டையே திட்டிக்கொண்டார்.

ஒரு குளிர்காலத்தில் டவுன்ஸ்வில்லில் இருக்கிற மகள் மார்லீன் வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் தங்கினார்கள். புறாக்களைச் சால்வு பார்த்துக்கொண்டார். அங்கே விஸ்டினுக்கு இருமல் போன இடம் தெரியவில்லை. கடற்கரையில் பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

“கடல் காத்துப்பா. இங்கேயே வந்துடுங்களேன்” என்றாள் மார்லீன்.

“அந்தக் கடல் காத்தை ஒரு பாட்டில்ல அடைச்சுக் குடு. புறாவுக்கு யார் தீனி வைக்கிறது?” என்றார் விஸ்டின்.

வீடு திரும்பி, ஆசை தீரக் கூண்டைச் சுரண்டிச் சுத்தம் செய்த அன்றைக்குச் சாயங்காலமே காய்ச்சலும் இருமலும் சேர்ந்து படுக்கையில் போட்டன. கடல் காற்று இல்லாத குறை என்றே அப்போதும் நினைத்தார்கள்.

நெஞ்சு நோய் நிபுணர் டாக்டர் ஹீலியிடம் போகச் சொன்னது மார்லீன்தான். அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வளையத்துக்குள் படுக்கவைத்ததும் மெஷினே பேசியது: மூச்சை இழுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள். விஸ்டின் கண்ணை மூடி, ஒரு புறா கூரைக்கு மேல் சுற்றுவதாக நினைத்துக்கொண்டார். சிரமமே இல்லை. பிறகு மூச்சை முழுக்க விட்டுவிட்டுப் பிடிக்கச் சொன்னது. அது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனாலும் பிடித்தார். “நல்லா பண்ணீங்க, படம் துல்லியமா வந்திருக்கு” என்றாள் மெஷின் ஓட்டிய பெண். சின்னப் பிள்ளை மாதிரி அவருக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டர் ஹீலி திரையைத் திருப்பிக் காட்டினார். ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி நுரையீரல் துண்டு துண்டாக வந்தது.

“எக்ஸ்ரேல எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா விழுந்து மறைஞ்சிருக்கும். இதுல தெரியுது பாருங்க. தேய்ச்ச கண்ணாடி மாதிரி மங்கலா இருக்கே, அது வீக்கம். இந்தக் கறுப்புத் திட்டு, நீங்க மூச்சை விட்ட பிறகு எடுத்தது. விட்டப்புறமும் கறுப்பாவே இருக்கு. உள்ள போன காத்து வெளிய வரலை.”

“வீடு திரும்பலை” என்றார் விஸ்டின் தன்னையறியாமல்.

“வீட்டுல பறவை ஏதாவது வளர்க்கிறீங்களா?”

டோலோர்ஸ் சிரித்துவிட்டாள். “பறவை வீட்டுலதான் டாக்டர் நாங்க குடியிருக்கோம்.”

டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. அடுத்த முறை உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். இறகுத் தூளையும் எச்சத் தூளையும் விஸ்டினின் உடம்பு எதிரி என்று முடிவு கட்டிவிட்டது. ஒவ்வொரு தடவை அது உள்ளே போகும்போதும் உடம்பு சண்டைக்குப் போகிறது. சண்டை நடக்கிற இடம் நுரையீரல். வீக்கம் வற்றும், தழும்பு வற்றாது. இப்போது இருப்பதில் பெரும்பகுதி வீக்கம்தான். இன்றைக்கே புறாவை விட்டால் மூச்சு திரும்பும். விடாவிட்டால் திரும்பாது.

விஸ்டின் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளர்ந்த பந்தயப் புறாவை யாருக்கும் கொடுத்துவிட முடியாது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் திரும்பிவந்துவிடும், அதற்காகத்தானே வளர்த்தது. ஒன்று கழுத்தைத் திருக வேண்டும், இல்லை வேறொருவர் கூண்டில் ஆயுள் முழுக்க அடைத்துப் போட்டுக் குஞ்சுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சால்வு தன் வண்டியில் கூடைகளைக் கொண்டுவந்தார். அவர் வீடு தெற்கே காம்டன் பக்கம்.

“எல்லாத்தையும் நானே வச்சுக்கிறேன். ஒண்ணையும் வெளிய விடமாட்டேன். நீ மூச்சை மட்டும் விடு” என்றார்.

கடைசியாக நீலப் பெட்டை ஒன்றைக் கூடையில் வைக்கும்போது விஸ்டினுக்குக் கை வரவில்லை. புறாவுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் அவர்களிடம் கிடையாது, வளைய எண்தான். ஆனால் அந்தப் பெட்டைக்கு ராணி என்ற அர்த்தத்தில் ரெஜினா என்று டோலோர்ஸ் கிண்டலாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. மலைப் பக்கம் புயலடித்து சங்கத்துப் புறாக்களெல்லாம் தொலைந்த ஒரு பந்தயத்தில், மறுநாள் நடந்தே வந்ததுபோல் கால் கிழிந்து வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.

“இந்த வீட்டு ராணி போறா. இனிமேலாவது நான் ஆளலாமா?” என்றாள் டோலோர்ஸ். சொல்லிவிட்டு உள்ளே போய் முகம் கழுவினாள்.

மாத்திரையும் ஓய்வுமாக விஸ்டினுக்கு மெல்ல மெல்ல மூச்சு தெளிந்தது. முகப்புப் படிகளை நிற்காமல் ஏறினார். ஆனால் சனிக்கிழமைகளில் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார். முயல் குழம்பு வைத்தால்கூட ரொட்டியைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவார். மூச்சு வந்தது, மனுஷனைக் காணோம் என்று டோலோர்ஸ் மகளிடம் போனில் சொன்னாள்.

ஈஸ்டரை ஒட்டிய இலையுதிர் காலத்தில் ஒரு சாயங்காலம் குப்பைத் தொட்டியை உருட்டப் போனவர், காலிக் கூண்டின் பலகையில் ரெஜினா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சால்வு தண்ணீர் மாற்றும்போது தலைக்கு மேல் பாய்ந்து வந்திருக்கிறது. கதவு மூடியிருந்ததால் அலகால் தட்டிக்கொண்டிருந்தது.

அன்றிரவே சால்வு போன் செய்தார். “அந்த நீலக்காரி ஓடிட்டாடா. அங்க வந்தா சொல்லு, உடனே வந்து எடுத்துக்கிறேன். நீ தொடாதே.”

“வரலை. வந்தா சொல்றேன்” என்றார் விஸ்டின்.

ஒரே ஒரு புறாதானே என்று எண்ணிக்கொண்டார். தொழிலில் போடுகிற முகமூடி வீட்டில் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு தீனி எடுத்துப் போனார். ரெஜினா அவரை அடையாளம் தெரியாமல் மிரண்டு சுவரில் மோதி இறகை உதிர்த்தது. இரண்டாம் நாளும் அப்படியே. தன் கையில் வளர்ந்தது தன்னைக் கண்டு நடுங்குவதை அவரால் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் முகமூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். புறா தோளில் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு கூண்டைச் சுரண்டுவது, பழைய தூளைக் கூட்டுவது எல்லாமே முகமூடி இல்லாமல்தான். டோலோர்ஸ் ஜெபத்துக்கும் கடைக்கும் போகிற நேரமாகப் பார்த்துச் செய்தார்.

குளிர்காலம் முடியும்போது மறுபடி ஸ்கேன். அதே வளையம், அதே குரல். மூச்சை இழுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள். விஸ்டின் கண்ணை மூடிக் கூரையை நினைத்தார். புறா சுற்றிவருவதற்குள் இருமல் உடைத்துக்கொண்டு வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும். மூன்றாவது தடவைக்குப் பிறகு அந்தப் பெண், “பரவால்ல, வந்தவரைக்கும் எடுத்துக்கிறோம்” என்று தோளைத் தொட்டாள். இந்தத் தடவை அவள் பாராட்டவில்லை.

டாக்டர் ஹீலி பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மங்கல் இருந்த இடத்தில் இப்போது சின்னச் சின்ன ஓட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன.

“தேன்கூடு மாதிரி இருக்கு” என்றாள் டோலோர்ஸ்.

“நாங்களும் அப்படித்தான் சொல்வோம். இது தழும்பு. இது திரும்பாது” என்ற டாக்டர் விஸ்டினைப் பார்த்தார். “புறா எல்லாத்தையும் குடுத்துட்டதா சொன்னீங்க. தூள் படுற வாய்ப்பு வேற ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

டாக்டர் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார். “உங்ககிட்ட சண்டை போட நான் கேட்கலை, விஸ்டின். மீதி இருக்கிறதைக் காப்பாத்தணும். அதுக்காகத்தான் கேட்கிறேன்.”

விஸ்டின் அப்போதும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டது.

காரில் ஏறியதும் டோலோர்ஸ் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ரெஜினா தீனி தின்னாளா இன்னைக்கு?” என்றாள்.

அவர் மெல்லத் திரும்பினார். “எப்பருந்து தெரியும்?”

“சால்வு புறாவைக் கொண்டுபோனப்புறம் நான் சனிக்கிழமையில வெள்ளை விரிப்பு காயப்போட ஆரம்பிச்சேன். நீ ஒண்ணும் சொல்லலை. ஈஸ்டர் கழிஞ்சு ஒருநாள், ‘அதை எடுத்துடேன்’னு சொன்னே. புறா இல்லாத வீட்டுல எதுக்குன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு.”

“கேட்டிருக்கலாமே.”

“அன்னைக்கு நீ ரெண்டு தட்டு முயல் குழம்பு சாப்பிட்டே. நான் பேசாம விரிப்பை எடுத்துட்டேன்.” அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். “கேட்டிருக்கணும்.”

பிறகு சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள்.

டோலோர்ஸ் போன் செய்ய, மறுநாள் சால்வு வந்து ரெஜினாவை எடுத்துக்கொண்டு போனார். விஸ்டினைத் திட்ட வேண்டும் என்றுதான் வந்தார். ஜன்னலுக்குப் பின்னால் அவர் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. அந்த வாரமே சங்கத்து ஆட்கள் நாலு பேர் முகமூடி போட்டுக்கொண்டு வந்து கூண்டை இடித்து, தண்ணீர் அடித்துக் கழுவி, பலகைகளை வண்டியில் ஏற்றினார்கள். கூண்டு இருந்த இடத்தில் விஸ்டின் என்றைக்கோ போட்ட சிமெண்ட் தளம் மட்டும் இருந்தது, மட்டம் கொஞ்சமும் பிசகாமல்.

அடுத்த கோடையில் அவர் மூக்கில் குழாய் ஏறிவிட்டது. ஆக்ஸிஜன் மெஷின் மூலையில் உறுமிக்கொண்டிருக்க, கொல்லையைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஒரு சனிக்கிழமை சால்வு போன் செய்தார். டோலோர்ஸ் எடுத்தாள். வலையில் ஓட்டை போட்டுக்கொண்டு அந்த நீலக்காரி மறுபடி போய்விட்டாள் என்றார்.

டோலோர்ஸ் விஸ்டினிடம் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்தாள். கல்யாணத்துக்கு வந்த விரிப்புகள், மார்லீனின் தொட்டில் துணி, சாப்பாட்டு மேஜை விரிப்பு, வீட்டிலிருந்த வெள்ளை எல்லாவற்றையும் நனைத்துக்கூடப் பார்க்காமல் கூடையில் வாரிக்கொண்டு போய்க் கொடியில் போட்டாள். கொடி போதாமல் வேலியிலும் போட்டாள்.

விஸ்டினுக்குப் புரிந்துவிட்டது. தெற்கே பார்த்தார்.

சிறிது நேரத்தில் அது வந்தது. காற்று விரிப்புகளை உப்பவைத்தது. புறா தாழ இறங்கி, மிரண்டு மேலே ஏறி, மறுபடி இறங்கியது. கூண்டு இருந்த இடத்துக்கு நேர் மேலே வட்டமடித்தது. டோலோர்ஸ் துணிகளுக்கு நடுவே நின்று ஒரு விரிப்பின் முனையை இரண்டு கையாலும் பிடித்து உதறினாள். “போ. போயிடு, கண்ணு. இங்க இல்ல” என்று அவள் வாய் அசைவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

விஸ்டின் பழக்கத்தில் மூச்சைப் பிடிக்கப் பார்த்தார். ஒரு சுற்றுக்குக்கூட நிற்கவில்லை. குழாயைச் சரிசெய்துகொண்டு, ஜன்னல் தாழ்ப்பாள்மேல் கையை வைத்தார். வைத்த கை அப்படியே இருந்தது. திறக்கவில்லை.

புறா கூரை விளிம்பைத் தொட்டுவிட்டு எழும்பித் தெற்கே திரும்பியது.

டோலோர்ஸ் உள்ளே வந்தபோது அவர் வானத்தைப் பார்க்கவில்லை, துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீக்கிரம் எடுத்துடாதே” என்றார். “திரும்பி வந்து பார்ப்பா.”