மூணாம் மாடிக்காரியின் சோப்பு வழக்கு

பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த லாட்ஜில், கூட்டித் துடைக்கும் பெண்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த மாடியைக் கூட்டுகிறார்களோ அந்த மாடிதான் பேர். "ஏய் முதல் மாடி, கடைசி ரூம்ல துண்டு வைக்கல", "ரெண்டாம் மாடி எங்க போய்த் தொலைஞ்சா?" என்று மேனேஜர் கீழே நின்று குரல் கொடுப்பார். நம் கதைக்கு உரியவள் மூணாம் மாடி.

நாற்பதைத் தாண்டியவள். ஒல்லியான உடம்பு, கொஞ்சம் நீளமான வாய். வேலைக்கு வந்த புதிதில், "எனக்குன்னு ஒரு பேரு இருக்கு சார்" என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தாள். "பேரெல்லாம் ரூம் எடுக்கறவங்களுக்கும்மா" என்றார் அவர். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. லிஃப்ட் ரெண்டாவது மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். ஏறினாள்.

அவள் புருஷன் ஒரு சோபா கடையில் பஞ்சு அடைத்துத் தைக்கிறவர். வாயில் எப்போதும் ரெண்டு ஊசி இருக்கும் என்பதால் அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் அவளே பேசினாள்.

அந்த வருஷம் ஊருக்குப் புதிதாக ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். சின்னக் குற்றத்தை விட்டு வைத்தால் அதுதான் பெரிய குற்றமாக வளரும் என்பது அவர் கட்சி. பெரிய குற்றம் செய்கிறவர்கள் பெரிய வீடுகளில் இருந்தார்கள், அங்கே போவதற்கு முன்கூட்டியே நேரம் கேட்க வேண்டும். சின்னக் குற்றம் செய்கிறவர்கள் தெருவிலேயே கிடைத்தார்கள். அதனால் வேலை மளமளவென்று நடந்தது. நடைபாதையை அடைத்துக்கொண்டு பெரிய பெரிய பேனர்கள் வைத்தார்கள். 'நடைபாதையை ஆக்கிரமிப்பது குற்றம்' என்று அவற்றில் எழுதியிருந்தது.

ஒவ்வொரு ஸ்டேஷனும் இத்தனை கேஸ் காட்டியே ஆகவேண்டும் என்று உத்தரவு. மாதக் கடைசியில் அந்தப் பகுதி இன்ஸ்பெக்டர் லாட்ஜுக்கு வந்தார். அவருடைய சொந்தக்காரர்கள் ஊருக்கு வந்தால் வாடகை இல்லாமல் தங்கும் இடம் அது. "உங்க பக்கம் ஏதாச்சும் இருக்கா?" என்று காய்கறிக் கடையில் கேட்பதுபோல் கேட்டார். "பார்த்து வெக்கிறேன் சார்" என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலமே வேலைக்காரர்களின் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். மூணாம் மாடியின் பையில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு சோப்பு இருந்தது. யாரோ குளித்துத் தேய்ந்த பாதி சோப்பு. கடைசி ரூம்காரர் காலி செய்துவிட்டுப் போனபிறகு குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தது. வீட்டில் துணி துவைக்க ஆகும் என்று எல்லா மாடிக்காரிகளும் எடுத்துப் போவதுதான். அன்றைக்கு மற்றவர்கள் பையில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மேனேஜர் ஒரு அட்டையில் 'நான் திருடி' என்று எழுதி, சணலைக் கோத்து அவள் கழுத்தில் மாட்டினார். ரிசப்ஷனில், சாவி மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். பெட்டியோடு வந்தவர்கள் பார்த்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி தரையைத் துடைத்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனாலும் குனிந்து அட்டையைப் படித்துவிட்டு, "சார், என்னத்தத் திருடினேன்னு எழுதலயே" என்றாள்.

"என்னது?"

"பாதி சோப்புன்னு சேர்த்து எழுதுங்க. படிக்கறவங்களுக்கு வெவரம் தெரியணும்ல?"

மேனேஜர் எழுதவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார்.

போலீஸ் வண்டியில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் தூங்கிய ஒரு கிழவர், அரசாங்க அலுவலக மரத்தில் கொய்யா பறித்த ஒரு கொத்தனார், நடைபாதையில் சீப்பும் கண்ணாடியும் விற்ற ஒரு பெண். "நீ என்ன பண்ணின?" என்று சீப்புக்காரி கேட்டாள். இவள் சொன்னாள். "சோப்பா? அப்ப நீதான் எங்களுக்கெல்லாம் தலைவி" என்று அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

கோர்ட்டில் காரியம் வேகமாக நடந்தது. மேஜிஸ்ட்ரேட் கேட்பார், நிற்கிறவர் "ஆமா" என்பார், அபராதம். கட்ட முடியாதவர்கள் கொஞ்ச நாள் உள்ளே. தூங்கினவர் ஆமா என்றார். கொய்யா ஆமா என்றது. சீப்பும் ஆமா என்றது. இவள் முறை வந்தது.

"ஒத்துக்கறியா?"

"எதைங்கய்யா?"

"சோப்பு எடுத்ததை."

"எடுத்தேங்கய்யா."

"சரி, குற்றத்தை ஒத்துக்கறே."

"இல்லைங்கய்யா. எடுத்ததைத்தான் ஒத்துக்கறேன். திருடினதை ஒத்துக்கல."

மேஜிஸ்ட்ரேட் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். வெளியே இன்னும் ஒரு வண்டி ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "ஒத்துக்கிட்டா அபராதத்தைக் கட்டிட்டு இப்பவே வீட்டுக்குப் போகலாம். இல்லன்னா விசாரணை முடியற வரைக்கும் ஜெயில். யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசித்தாள். வீட்டில் உலை வைக்க ஆளில்லை. புருஷனுக்குச் சமைக்கத் தெரியாது. "திருடலைங்கய்யா" என்றாள்.

ஜாமீனுக்குச் சொந்த வீடு உள்ளவர் ரெண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவள் புருஷனுக்குச் சொந்த வீடு உள்ளவர்கள் யாரையும் தெரியாது. அவர்களுடைய சோபாக்களைத்தான் தெரியும்.

ஜெயில் வாசலில் வார்டன் அம்மா, "பேரு?" என்று கேட்டாள். இவள் தன் பேரை, அப்பா பேரோடு சேர்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் யாரும் கேட்காததை ஜெயிலில்தான் முதலில் கேட்டார்கள். அந்தச் சந்தோஷம் அதிக நேரம் நிலைக்கவில்லை. அடுத்த அறையில் துணியை அவிழ்க்கச் சொல்லிச் சோதனை போட்டார்கள். அப்போது அவள் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனை முடிந்ததும் ஒரு வாளியும், உறை பிரிக்காத ஒரு புது சோப்பும் கையில் கொடுத்தார்கள். "லாட்ஜுல வேல பார்த்தவதானே? குளியலறை இனிமே உன் பொறுப்பு." பாதி சோப்பு எடுத்த குற்றத்துக்கு முழு சோப்பு கொடுக்கும் அரசாங்கத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்று ராத்திரி சிரிப்பு வரவில்லை. அழுதாள். அபராதம் கட்ட முடியாமல் உள்ளே வந்திருந்த சீப்புக்காரி முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

நாத்தனார் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணி, 'ஆமா'ன்னு ஒரு வார்த்த. நாக்கு தேஞ்சா போயிடும்? என் பொண்ணுக்கு வரன் பேசிட்டிருக்கோம். கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"ஆமான்னு சொன்னா உன் அண்ணி திருடி. சொல்லலன்னா உன் அண்ணி ஜெயில்ல இருக்கா. எது உனக்கு வசதி?"

"ரெண்டும் வேணாம்" என்று நாத்தனார் சத்தமாக அழுதாள். கூட வந்திருந்த இவள் புருஷன் முன்னால் வந்தார். கம்பிக்குள் விரலை விட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். போகும்போது மட்டும், "நீ சொல்லாத" என்றார். எதைச் சொல்லக்கூடாது என்று அவளுக்குப் புரிந்தது.

வாய்தா மேல் வாய்தா. கோடை போய் மழை வந்தது. சீப்புக்காரி தண்டனை முடிந்து வெளியே போனாள். வழக்கே தொடங்காதவள் உள்ளே இருந்தாள்.

கடைசியில் கோர்ட் ஒரு இலவச வக்கீலைக் கொடுத்தது. இளம் பெண். இலவசம் என்பதால் ஒன்றும் நடக்காது என்று எல்லோரும் நினைத்தார்கள், அந்த வக்கீல் உட்பட. ஆனால் ஒருநாள் பஸ்ஸுக்காக நின்றபோது அவள் எதிரே இருந்த லாட்ஜை அண்ணாந்து பார்த்தாள். மேல்மாடி மட்டும் வேறு நிறம், ஜன்னலும் வேறு மாதிரி. விசாரித்தாள். லாட்ஜுக்கு அனுமதி ரெண்டு மாடிக்குத்தான். முதலாளி மூணாவதைக் கமுக்கமாகக் கட்டிக்கொண்டார். பார்க்க வேண்டியவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் வக்கீல் ஜெயிலுக்கு வந்து, "அக்கா, நாளைக்கு நான் கேள்வி கேக்கும்போது நீங்க நடுவுல வாயத் திறக்கவே கூடாது" என்றாள்.

"சரிம்மா."

"சத்தியமா?"

"சரின்னேன்ல?"

மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் சீல் வைத்த உறையைப் பிரித்துச் சோப்பை மேஜைமேல் வைத்தார். உறையின் மூலையில் ஒரு ஓட்டை, ஸ்டேஷனில் எலித் தொல்லை. பாதி சோப்பு இப்போது கால் சோப்பாகியிருந்தது. மீதியை எடுத்தது யார் என்று வழக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை.

மேனேஜர் கூண்டில் ஏறினார். முதலாளி பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வக்கீல் எழுந்தாள்.

"திருட்டு எங்க நடந்தது?"

"மூணாவது மாடியிலங்க."

"உங்க லாட்ஜுக்கு அனுமதி எத்தனை மாடிக்கு?"

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையை அசைத்தார், யார் கண்ணிலும் படாதபடி, ஆனால் எல்லோருக்கும் தெரியும்படி. "ரெண்டுங்க."

"அப்ப லாட்ஜுல மொத்தம் எத்தனை மாடி இருக்கு?"

மேனேஜர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மூணு என்றால் முதலாளி மாட்டுவார். ரெண்டு என்றால் கேஸ் போச்சு. முதலாளிதான் சம்பளம் கொடுக்கிறவர். "ரெண்டு மாடிதாங்கய்யா."

கோர்ட்டில் ஒரு சிரிப்பு ஓடியது. "இல்லாத மாடியில திருட்டு நடக்க முடியாதுங்க" என்று வக்கீல் உட்கார்ந்தாள். மேஜிஸ்ட்ரேட்டுக்கும் திருப்தி, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கேஸ் முடிகிறது. பேனாவை எடுத்தார்.

"மாடி இருக்குங்கய்யா" என்றது கூண்டிலிருந்து ஒரு குரல்.

வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றார் மேஜிஸ்ட்ரேட், "உங்களுக்கு விடுதலை வேணுமா, வேணாமா?"

"வேணும்ங்கய்யா. ஆனா மாடி இல்லன்னு சொல்லி வேணாம். நான் திருடலன்னு சொல்லி வேணும். இத்தன வருஷமா வாளியைத் தூக்கிட்டு அந்தப் படியில ஏறி எறங்கியிருக்கேன். மாடியே இல்லன்னா நான் எதைக் கூட்டினேன்? ஊர்ல என்ன சொல்வாங்க? திருடிதான், மாடி இல்லாததால தப்பிச்சிட்டான்னுதானே?"

யாரும் சிரிக்கவில்லை. மேஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ரூம்காரர் விட்டுட்டுப் போன சோப்பை என்ன செய்வீங்க?"

"குப்பைத் தொட்டியில போடச் சொல்லுவோங்கய்யா."

"இந்த அம்மா எங்கேருந்து எடுத்தாங்க?"

"குப்பைத் தொட்டியிலேருந்துங்க. ஆனா குப்பையும் லாட்ஜ் சொத்துங்கய்யா."

"எந்த மாடிக் குப்பை?"

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

வேண்டாம் என்று எறிந்ததை எடுப்பது திருட்டாகாது, இந்தப் பெண் திருடவில்லை என்று மேஜிஸ்ட்ரேட் வாய்விட்டுப் படித்தார். உள்ளே இருந்த மாதங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. முதலாளிக்கும் நோட்டீஸ் போனது. ஒரு முழு மாடியைச் சட்டத்துக்குத் தெரியாமல் வைத்திருந்ததற்கு அவருக்கு அபராதம் விதித்தார்கள். சுமை தெரியாமல் இருக்கத் தவணையும் கொடுத்தார்கள். மாடி சட்டப்படி ஆனதும் லிஃப்ட் அங்கே வரைக்கும் நீண்டது. அந்தத் திறப்பு விழாவுக்குச் சின்னக் குற்றங்களை ஒழித்த அதிகாரிதான் சிறப்பு விருந்தினர்.

அதற்கு முன்பே, விடுதலையான மறுநாள் காலையில், அவள் லாட்ஜுக்குப் போனாள். மேனேஜர் பதறி எழுந்தார். "வாம்மா, உள்ள ஏசி ரூம்ல உக்காந்து பேசலாம். தப்பு நடந்து போச்சு."

"இங்கதானே நிக்க வெச்சீங்க. இங்கயே சொல்லுங்க."

"இப்ப கஸ்டமர் இருக்காங்களேம்மா."

"அன்னிக்கும் இருந்தாங்க."

மேனேஜர் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். அவள் திரும்பி, ரிசப்ஷனில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி தன் முழுப் பேரையும் சொன்னாள். "நான் திருடல. கோர்ட்டே சொல்லிடுச்சு" என்றாள்.

ரூம் எடுக்க வந்த ஒருவர், "என்னம்மா திருடல?" என்று கேட்டார்.

"சோப்பு சார். பாதி சோப்பு."

அவர் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாசலில் வாட்ச்மேன் எதற்கென்று தெரியாமலே நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

அதற்குப்பின் எந்த லாட்ஜும் அவளை வேலைக்கு வைக்கவில்லை. சீப்புக்காரிக்கும் நடைபாதை போய்விட்டது. ரெண்டு பேரும் சேர்ந்து அடுக்குமாடி வீடுகளில் கூட்டித் துடைக்க வேலை தேடினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இவள் முதலிலேயே சொல்லிவிடுவாள்: "நான் ஜெயிலுக்குப் போனவ. திருடலன்னு தீர்ப்பு. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, படியேறி வந்ததுக்கு ஒரு டம்ளர் தண்ணி மட்டும் குடுங்க." பல வீடுகளில் தண்ணீர் கிடைத்தது.

ஒரு வீட்டில் கைக்குழந்தையோடு நின்ற பெண், முழுவதையும் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "காலைல எத்தன மணிக்கு வருவீங்க?" என்றாள்.

"நீங்க சொல்ற நேரத்துக்கு" என்று சொல்லிவிட்டு இவள் இறங்கினாள். கீழே சீப்புக்காரி காத்திருந்தாள்.

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது. 'வருவீங்க'ன்னு கேட்டாங்கடி. 'வருவியா' இல்ல, 'வருவீங்க'."

"அது சரி. சம்பளம் என்னன்னு கேட்டியா?"

இவள் வாயில் கை வைத்தாள்.

"மரியாதைய வெச்சு ரெண்டு பேரும் வயித்தக் கழுவலாம்னு பாத்தியா? ஏறு மேல!" என்று சீப்புக்காரி அவளைப் பிடித்துத் தள்ளினாள். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே திரும்பப் படியேறினார்கள்.