தலைத் தீபாவளிச் சட்டை

எனக்குக் கல்யாணமான வருஷம்தான் நாட்டுக்கும் சுதந்திரம் கிடைத்தது. மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். நான் பஸ் பட்டறையில் பிட்டர். என் மனைவி புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். டவுனில் வேலை பார்க்கிறவன் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். அதை அவளைத் தவிர வேறு யாரிடமும் காட்ட முடியவில்லை.

தலைத் தீபாவளிக்கு மாமனார் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தார். தோட்டத்தில் ரப்பர் உருட்டும் மெஷினில் நின்று வேலை செய்கிற மனிதர். ஜாலான் பெண்டஹாராவில் கடை கடையாக ஏறி இறங்கி, நல்ல துணியாகப் பார்த்து வாங்கியிருந்தார். "நீங்க இதப் போட்டுக்கிட்டு அப்பா முன்னால நிக்கணுங்க, அது போதும்" என்று மனைவி தினமும் ஒரு தடவையாவது சொல்வாள். கல்யாணமாகி அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

தீபாவளிக்கு முதல் நாள் பட்டறையில் அரை நாள் வேலை. பண்டிகைக்கு முன்னால் புதுச் சட்டையைப் போடக்கூடாது என்று அவள் சொல்லச் சொல்ல, கூட்டாளிகளிடம் காட்டுவதற்காகவே அதை மாட்டிக்கொண்டு போனேன். வேலை நேரத்தில் கழற்றி ஆணியில் தொங்கவிட்டேன். கிளம்பும்போது போட்டுக்கொண்டு, வாய் ஓயாமல் அளந்தபடி, பழுதுக்கு நின்ற பஸ் ஒன்றில் சாய்ந்தேன். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு கிரீஸ் அப்பிக்கொண்டது.

வீட்டில் அவள் சட்டையை வாங்கிக்கொண்டு பின்புறக் குழாயடியில் உட்கார்ந்தாள். கறையின் மேல் தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு விரலால் தடவ ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"அடியே, எண்ணெய்க் கறைக்கு யாராச்சும் எண்ணெய ஊத்துவாங்களா?"

"கொஞ்சம் பொறுங்க. எண்ணெய்தான் கிரீஸ இளக்கும். அப்புறம் அரிசி மாவு போட்டு உறிஞ்ச வச்சி, சவுக்காரம் போட்டா போயிரும்."

"தோட்டத்துப் புத்தி தோட்டத்தோட இருக்கட்டும்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் துணி அலசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கினேன்.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர், சவுக்காரம், பிரஷ். தேய்த்த தேய்ப்பில் கறை இரண்டு மடங்கு பரவியது. சாயங்காலம் பஸ் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஈரத்தோடேயே கரி இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தேன். கருப்பு, பழுப்பாகித் துணிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. இத்தனைக்கும் நான் பட்டறையில் தினமும் தேங்காய் எண்ணெய் போட்டுக் கை கிரீஸை வழித்துவிட்டுத்தான் சவுக்காரம் தொடுவேன். என்னைப் போல ஒரு மடையன் மலாக்காவில் இருந்திருக்க மாட்டான்.

மறுநாள் காலை மாமனார் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எல்லாரும் புதுத்துணியில் நின்றார்கள். நான் பழைய சட்டையில் வெளியே வந்தேன்.

"சட்டை எங்க மாப்ள?" என்றார் மாமனார், சிரித்த முகமாக.

உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "உங்க மகதான், கறையில எண்ணெய ஊத்திக் கெடுத்துப்புட்டா" என்றேன்.

உறவுக்காரர்கள் முன்னால் அவர் கைகூப்பினார். "சின்னப் புள்ள மாப்ள, தெரியாம செஞ்சிருச்சி. மனசுல வச்சிக்காதீங்க. நான் வேற எடுத்துத் தர்றேன்."

தோசைத் தட்டோடு வாசற்படியில் நின்ற என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வருஷத்தில் மாமனார் போய்விட்டார். அவரிடம் நான் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் என்னை விடவே இல்லை. பிள்ளைகளெல்லாம் வளர்ந்து போன பிறகு, ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்த அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு உங்கப்பாகிட்ட நெசத்தச் சொல்லியிருக்கணும். அந்த மனுஷன் நான் சொன்னத நம்பிக்கிட்டே போயிட்டாரு."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்பா எங்க நம்புனாரு? அவரு சட்டையில மெஷின் கிரீஸ் படாத நாளே கிடையாது. அத்தனையையும் நான்தான் எண்ணெய விட்டு எடுப்பேன். அவருக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் என்னக் கும்பிட்டாரு?"

மடித்த வேட்டியை அவள் என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"நான் உங்ககூடதான திரும்பி வரணும்" என்றாள்.