சத்தமில்லாமல் நின்ற பதினான்கு கார்கள்

பத்தொன்பது வருடங்களாக அவள் ஒவ்வொரு காரையும் இருநூறு மீட்டர்தான் ஓட்டியிருக்கிறாள். பாகங்கள் பூட்டி முடித்த கார் தொழிற்சாலையின் கடைசிக் கதவைத் தாண்டியதும் ஏறுவாள். பின்பக்க யார்டில் வரிசையில் நிறுத்திவிட்டு, அடுத்ததற்காக நடந்தே திரும்புவாள். எல்லோருக்கும் அவள் 'இருநூறு மீட்டர் அக்கா'. சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

"கூட்டிப் பாத்தா உலகத்தையே ஒரு சுத்து சுத்திட்ட. ஆனா கேட்டைத் தாண்டலையே!" என்று தையல் மெஷினிலிருந்து நிமிராமல் சிரிப்பார் கணவர்.

அவருக்குப் போன வருடம் முதுகு பிடித்துக்கொண்டது. வீடு அவள் வேலையில்தான் ஓடியது. அந்த நேரம் பார்த்து கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது. யார்டில் விற்காத கார்கள் மழையில் நனைந்தன. புதிய நிர்வாகம் எஞ்சின் பிரிவை மூடியது. இனி மின்சாரக் கார்தான். யார்டு ஓட்டுநர்கள் பதினோரு பேரில் நான்கு பேர் போதுமாம். சோதனைக் கார்கள் வந்து இறங்கும் வாரம் முடிந்ததும் யார் அந்த நான்கு பேர் என்ற பட்டியல் வரும்.

முதல் மின்சாரக் காரை நகர்த்திய சனிக்கிழமை அவளுக்குக் கனவு மாதிரி இருந்தது. மிதித்ததும் கார் தண்ணீரில் விட்ட காகிதக் கப்பல் போல நகர்ந்தது. டயரின் கீழ் ஒரு சிறு கல் நொறுங்குவது கேட்டது. தூரத்தில் ஒரு புறா இறகடிப்பது கேட்டது. நிறுத்திய பிறகும் இறங்க மனமில்லை. ஒவ்வொரு காரிலும் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாள். காலமே அந்த வரிசையில் வந்து நின்றுவிட்டதோ என்று தோன்றியது.

திங்கள் காலை பதினான்கு கார்கள் அசையவில்லை. சோதனைக் கார் என்பதால் யார்டு வரை போகும் அளவுக்குத்தான் சார்ஜ் ஏற்றியிருந்தார்கள். அதுவும் தீர்ந்து கிடந்தது.

புதிதாக வந்த இன்ஜினியர் முகம் வெளுத்து நின்றார். "பேட்டரிதான் கோளாறு. பதினாலையும் கழட்டி திருப்பி அனுப்புங்க. திட்டத்தையே நிறுத்தச் சொல்லப் போறேன்."

எஞ்சின் அடங்கினால் இறங்குவது அவளுடைய பத்தொன்பது வருடப் பழக்கம். இது நின்றதுமே அடங்கிவிட்டது. அப்படியே கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். அணைக்கும் பட்டனை அமுக்கியதாக ஞாபகமே இல்லை. அணைக்காமல் கதவைத் திறந்தால் கூவும் எச்சரிக்கை மணியும் சோதனைக் கார்களில் இன்னும் பொருத்தவில்லை. சொன்னால் பட்டியலில் இடம் போகும். சொல்லாவிட்டால் திட்டமே போகும்.

"பேட்டரி மேல பழி போடாதீங்க சார்," என்றாள். "என் வரிசையில மூணு காரை நான் அணைக்கவே இல்ல. சத்தம் இல்லாததால அணைஞ்சிடுச்சுன்னு நினைச்சேன்."

பின்னால் நின்ற ஓட்டுநர்களிடமிருந்து ஒரு தொண்டை கனைத்தது. "நானும் ரெண்டு, சார்." இன்னொருவர் காதைச் சொறிந்தபடி, "என்னுதும் ஒண்ணு..." ஒவ்வொருவராகக் கை தூக்க, பதினான்கும் கணக்கில் வந்தன.

சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்லா கெடுத்தீங்க போங்க! பேட்டரிக்காரனைத் திட்டி மெயில் அனுப்பவே தயாரா இருந்தோம்."

இன்ஜினியர் சிரிக்கவில்லை. ஒரு காரைச் சார்ஜ் போடச் சொல்லி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "எந்த இடத்துல அணைஞ்சிடுச்சுன்னு தோணுச்சு?" அவள் காட்டினாள். அவர் எழுதிக்கொண்டார். வாங்குபவர்களும் இப்படித்தான் இறங்கிப் போவார்கள், மணி முதல் நாளே வேண்டும் என்று அன்றே மேலிடத்துக்கு எழுதினார்.

வெள்ளிக்கிழமை பட்டியலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" கணவர் துணியைக் கீழே வைத்தார்.

"நாலாவது."

"கடைசியா?"

"கடைசின்னாலும் உள்ளதான்," என்று செருப்பைக் கழற்றினாள். பட்டியலில் இல்லாத மீதி ஏழு பேரில் யாருக்கு முதலில் போன் செய்வது என்று தெரியாமல், வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.