இருட்டண்ணன் அழிச்ச நூல்

ஆஸ்பத்திரியில எல்லாரும் அவரை இருட்டண்ணன்னுதான் கூப்பிடுவாங்க. அதுக்கு அவரு கோவிச்சுக்கிட்டதே இல்ல. எக்ஸ்ரே ரூம்ல இருபத்திரண்டு வருஷ வேலை. ஃபிலிமைக் கழுவி எடுத்த காலத்துல ஒரு செவப்பு பல்பு வெளிச்சத்துலயே பாதி நாளை ஓட்டுன மனுஷன். இப்ப எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துருச்சு, ரூம்ல பளிச்சுன்னு ட்யூப்லைட் எரியுது, பேரு மட்டும் போகல. எப்படிப் போகும்? வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா மொட்டை மாடியில டெலஸ்கோப்பைத் தூக்கி வெச்சுக்கிட்டு மறுபடியும் இருட்டைத் தேடிக் கெளம்பிடுறாரே.

"பகல்ல எலும்பு, ராத்திரியானா நட்சத்திரம். நடுவுல தோலும் சதையுமா ஒருத்தி இருக்கேன், அது மட்டும் கண்ணுல படாது"ன்னு அவரு வீட்டுக்காரம்மா சொல்லுவாங்க. அந்தம்மா ஒரு பெரிய சலவைக் கடையில வேலை பாக்குறாங்க. வர்ற துணியில எங்க கறை, எங்க கிழிசல்னு பாத்துச் சீட்டு எழுதுற வேலை. அவங்க கண்ணுக்குத் தப்புன கறை இதுவரைக்கும் பொறக்கல.

இந்தக் குளிர்காலம் முழுக்க இருட்டண்ணன் ஒரே ஒரு நெபுலா பின்னாடி சுத்துனாரு. நெபுலான்னா நட்சத்திரங்களுக்கு நடுவுல தொங்குற வாயு மேகம். இது பாக்க விரிஞ்ச பூ மாதிரி இருக்கும். அதுல இருந்து கெளம்புன வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேர அஞ்சாயிரம் வருஷம் ஆகுது. அஞ்சாயிரம் வருஷம் தனியா நடந்து வந்த வெளிச்சம், கடைசியில ஒரு எக்ஸ்ரேக்காரரோட மாடியில, பக்கெட்டுக்கும் துணிக்கொடிக்கும் நடுவுல நிக்கிற கேமராவுக்குள்ள வந்து விழுது. நெனச்சாலே ஒரு மாதிரி ஆயிடுது இல்ல?

ஆனா மூணு நிமிஷம் கேமராவைத் திறந்து வெச்சு ஒரு படம் எடுத்தீங்கன்னா பூவெல்லாம் தெரியாது. மணலை வாரி இறைச்ச மாதிரி இருக்கும். செவப்பு, பச்சை, நீலம்னு பொடிப்பொடியாப் புள்ளி. அதுக்குப் பேருதான் நாய்ஸ். அதைப் போக்க ரொம்ப நேர்மையான வழி ஒண்ணு இருக்கு. அதே படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கணும். மேகம் எல்லாப் படத்துலயும் அதே எடத்துல இருக்கும். மணல் ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல விழும். எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிச் சராசரி எடுத்தா மணல் தன்னால அடங்கும், மேகம் நிக்கும். எதையும் தேய்க்க வேணாம், பூச வேணாம். பொறுமை இருந்தா போதும். பதினோரு நாள் கண்ணு முழிச்சு இருநூத்திப் பன்னெண்டு படம் எடுத்தாரு.

அதுலதான் ஒரு சொதப்பல். ஒவ்வொரு படத்துக்கு நடுவுலயும் டெலஸ்கோப்பை முடியளவு நகத்திவிடணும். இல்லன்னா கேமராவுக்குள்ள இருக்கிற பழுதுப் புள்ளி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இழுபட்டு, சாய்வா மழை பெய்யுற மாதிரி கோடு கோடா வந்துரும். நகத்துற வேலையை கம்ப்யூட்டரே பாத்துக்கும், நாம ஒரு டிக் போட்டா போதும். முதல் நாலு நாள் அண்ணன் அந்த டிக்கைப் போடல. எழுவத்தி நாலு படத்துல மழை.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்ரே ரூம் வாசல்ல நோயாளிங்க உக்காந்திருக்கிற நடை இருக்கே, அங்க எதிர்ச் சுவரு மொத்தமா காலி. பெரிய டாக்டர் ஒரு நாள் அண்ணன் போன்ல பூவைப் பாத்துட்டு, "இதை ஆறடிக்குப் பிரிண்ட் போட்டு அங்க மாட்டுய்யா. திங்கக்கிழமை மாட்டுறதுக்கு ஆள் வருது. உன் படம் வரலன்னா பழக்கூடை போஸ்டர் ஒண்ணு ரெடியா இருக்கு"ன்னுட்டாரு. அண்ணனுக்குக் கை காலு ஓடல. தெனம் இருபது முப்பது பேரு பயத்தோட உக்காந்து வெறிக்கிற சுவரு அது.

பிரிண்ட் போடுறது மச்சான். வீட்டுக்காரம்மாவோட தம்பி, கல்யாண ஆல்பம் ஸ்டூடியோ வெச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு மணி வரைக்கும்தான் மெஷின் சும்மா இருக்கும், அதுக்கப்புறம் ஆல்பம் வேலை வரிசை கட்டி நிக்குதுன்னு கறாராச் சொல்லிட்டாரு.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி. திரைச்சீலையை இழுத்துவிட்டுட்டு அண்ணன் கம்ப்யூட்டர் முன்னாடி. அந்தம்மா டீயோட வந்து தோளுக்குப் பின்னாடி நின்னாங்க. மச்சான் காலையிலயே வந்து ஃபைலுக்காகக் கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. மழைக்கோடு வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்னு அண்ணன் முந்தின நாளே மென்பொருள்ல ஸ்மூத்திங்கை இழுத்துவிட்டு மொத்தப் படத்தையும் வழவழன்னு ஆக்கி வெச்சிருந்தாரு.

"சூப்பர் மாமா"ன்னாரு மச்சான். "பொண்ணு முகத்துக்கு நான் பண்ற மாதிரியே பண்ணிட்டீங்க. ஒரு பரு கூட இல்ல."

அந்தம்மா படத்தை மூலை மூலையா அலசிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, கீழ் எடது மூலையைக் காட்டி, "ஏங்க, போன வாரம் இங்க ஒரு நூல் மாதிரி போச்சே, எங்க அது?"ன்னாங்க.

"அது மழைக்கோடும்மா. அழிச்சுட்டேன்."

"மத்ததெல்லாம் நேரா இருந்துச்சு. இது வளைஞ்சுல்ல போச்சு."

"அதே சாய்வுதான். குப்பைதான் அது."

"குப்பைன்னு நீங்க பாத்தீங்களா, இல்ல நெனச்சீங்களா?"

அண்ணன் திரும்பிப் பாத்தாரு. அந்தக் கேள்வி அவருக்கு எங்க போய்க் குத்துச்சுன்னு அந்தம்மாவுக்குத் தெரியும். மூணு வருஷம் முன்னாடி மணிக்கட்டு வலின்னு ஒரு வெல்டர் வந்தாரு. எக்ஸ்ரே மெஷின்ல படத்தை வழவழப்பாக்குற செட்டிங் போட்டிருந்துச்சு. படம் கண்ணாடி மாதிரி சுத்தம். டாக்டர் ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாரு. ரெண்டு வாரம் கழிச்சு அந்த மனுஷன் கை வீங்கி வந்து நிக்கிறாரு. அண்ணன் பழைய படத்தை எடுத்து, அந்த செட்டிங்கைக் கழட்டிட்டுப் பாத்தா, மணலுக்குள்ள முடி மாதிரி ஒரு விரிசல். முதல் நாளே இருந்திருக்கு. யாரும் அவரைக் குத்தம் சொல்லல. அவருதான் ஒரு வாரம் சரியாச் சாப்பிடல.

"நெட்ல போட்டுப் பாருங்க மாமா, வேற யாராவது எடுத்த படத்துல நூல் இருக்கான்னு"ன்னாரு மச்சான்.

"இருந்தா? அது அவங்க படம். அடுத்தவன் எக்ஸ்ரேயைப் பாத்து உன் கை ஒடிஞ்சிருக்குன்னு சொல்ல முடியுமா? என் படத்துல இருக்கிறது வெளிச்சமா குப்பையான்னு என் படம்தான் சொல்லணும்."

"அப்ப நூலோடயே போட்டுருங்க, யாரு கேக்கப் போறா."

"குப்பையா இருந்தா? வானத்துல இல்லாத ஒண்ணை ஆறடிக்கு மாட்டிட்டு தெனம் அதைத் தாண்டி நான் வேலைக்குப் போகணும்."

அழிச்சாலும் பொய்யாயிடலாம், விட்டாலும் பொய்யாயிடலாம். மணி பத்தே முக்கால்.

அந்தம்மா டீ டம்ளரை மேஜை மேல வெச்சாங்க. "எங்க கடையில வெள்ளைத் துணியில லேசா ஒரு கருப்பு தெரிஞ்சா, கறையா இல்ல மேல இருந்து விழுற நிழலான்னு சந்தேகம் வரும். துணியைத் தலைகீழாத் திருப்பிப் போடுவோம். கறைன்னா துணியோட சேந்து திரும்பிரும். திரும்பலன்னா துணி மேல தப்பில்ல, அது வெளியில இருந்து விழுறது. உங்க கேமராவைத் திருப்பிப் போட முடியாதா?"

"இப்ப எப்படிம்மா? மறுபடி எடுக்க இன்னொரு பதினோரு நாள்..."ன்னு ஆரம்பிச்ச மனுஷன் பாதியில நிறுத்திட்டாரு. ஏன்னா கேமரா தினமும் திரும்பிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நெபுலா உச்சியைத் தாண்டுனதும், டெலஸ்கோப் ஸ்டாண்டுல இடிச்சிடாம இருக்கிறதுக்காக மொத்தமும் சுத்தி மறுபக்கம் வந்துரும். அப்ப கேமரா தலைகீழாயிடும். ஒவ்வொரு நாளும் பாதிப் படம் நேரா, பாதிப் படம் தலைகீழா. பதினோரு நாளும் பக்கத்துலயே நின்னு பாத்தவருக்கு இப்பத்தான் அது உறைக்குது.

"நீ ஏன் இத்தனை வருஷமா என்கூட மாடிக்கு வரல?"ன்னு கேட்டாரு.

"நீங்க எங்க கூப்பிட்டீங்க"ன்னாங்க அந்தம்மா.

முதல் நாலு நாள் படத்தை மொத்தமாத் தூக்கித் தனியாப் போட்டாரு. மிச்சம் நூத்தி முப்பத்தெட்டு. அதை ரெண்டு குவியலாப் பிரிச்சாரு. உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடி எழுவத்தொண்ணு, தாண்டுனதுக்கு அப்புறம் அறுபத்தேழு. ரெண்டையும் தனித்தனியா அடுக்கவிட்டாரு. வானத்தை வெச்சு ரெண்டையும் நேராக்கும்போது, நூல் கேமராவோடதுன்னா ரெண்டாவது படத்துல அது எதிர் மூலைக்குப் போயிடும். வானத்தோடதுன்னா எடத்தை விட்டு அசையாது.

கம்ப்யூட்டர் அடுக்குறதுக்கு நாப்பது நிமிஷம் எடுத்துச்சு. மச்சான் ரெண்டு தடவை மணியைப் பாத்தாரு, ஒரு தடவை "பழக்கூடையும் நல்லாத்தான் இருக்கும்"னாரு. அவரோட அக்கா பாத்த பார்வையில போனை எடுத்துக்கிட்டாரு.

முதல் படம் வந்துச்சு. இருட்டான எடத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சமாக்கினாரு. கீழ் எடது மூலையில, மணலுக்கு நடுவுல, மங்கலா வளைஞ்சு ஒரு நூல்.

அண்ணன் மவுஸ்ல இருந்து கையை எடுத்துட்டாரு. "நீ அமுக்கும்மா."

ரெண்டாவது படத்தை அந்தம்மா திறந்தாங்க. எல்லாரோட கண்ணும் மேல் வலது மூலைக்குத்தான் போச்சு. அங்க வெறும் மணல். அப்புறம் மெதுவாக் கீழ இறங்குனா, அதே மூலை, அதே வளைவு, நுனியில அதே மாதிரி ரெண்டாப் பிரியுது. ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திக் காட்டினாங்க. மணல் கொதிக்குது. பழுதுப் புள்ளி அங்கயும் இங்கயும் தாவுது. நூல் மட்டும் அப்படியே நிக்குது.

இது ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்ல, பெரிய டெலஸ்கோப் வெச்சிருக்கிறவங்க என்னைக்கோ பாத்திருப்பாங்க. ஆனா இந்த வீட்டுக்குள்ள அது இப்பத்தான் வந்திருக்கு. அந்தப் பூவுல இருந்து பிரிஞ்சு, ஏதோ ஒரு காத்து ஊதித் தள்ளுன மாதிரி, வெளிச்சமே பல வருஷம் நடக்கிற தூரத்துக்கு நீண்டு கெடக்கிற ஒரு இழை. அதைத்தான் நேத்து ஒரு விரல் அசைவுல அழிச்சிருந்தாரு.

"அந்த எடத்துல எவ்வளவு வெளிச்சம் வந்திருக்கும்?"னு அந்தம்மா கேட்டாங்க. குரல் தணிஞ்சிருந்துச்சு.

"ஒரு புள்ளிக்கு, மூணு நிமிஷத்துல, ஒண்ணோ ரெண்டோ துளி. சில படத்துல அதுவும் இல்ல."

"ஒண்ணு ரெண்டாவா வந்து சேந்துச்சு இவ்வளவும்?"

அண்ணன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, துடைச்சுக்கிட்டே இருந்தாரு.

அதுக்கப்புறம் வேலை மளமளன்னு நடந்துச்சு. ரெண்டு குவியலையும் ஒண்ணாச் சேத்தாரு. கலர்ப் பொடியை மட்டும் லேசா அடக்கினாரு. ரொம்ப இருட்டான எடத்துல ஒரு துளி ஸ்மூத்திங், பாதிக்கும் பாதி. பூ மேல கையே வைக்கல, நட்சத்திரத்தைத் தொடல. நூல் பக்கம் போகவே இல்ல. படம் குறைஞ்சதால மணல் முன்னைவிடக் கூடத்தான் இருந்துச்சு. இருக்கட்டும்னு விட்டுட்டாரு.

மச்சானுக்கு மனசே ஆறல. "மாமா, ஆறடியில இந்தச் சொரசொரப்பு அப்படியே தெரியும். பாக்குறவன் மெஷின் சரியில்லன்னு என்னைத்தான் பேசுவான்."

"பேசட்டும்டா. தோலுன்னா அப்படித்தான் இருக்கும்"னாங்க அக்கா.

ஒரு மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது மூணு பேரும் ஸ்டூடியோவுக்குள்ள நுழைஞ்சாங்க. மச்சான் ஆல்பம் வேலையைப் பாத்தாரு, ஃபைலைப் பாத்தாரு, அதையே முதல்ல போட்டாரு. எடது ஓரம் முதல்ல வர்ற மாதிரி தாள் நீளவாக்குல இறங்க ஆரம்பிச்சுது. மெஷின் தலை அங்கயும் இங்கயும் ஓடுது. ஒரு சாண் வரைக்கும் வெறும் இருட்டு, அதுல ஊசி முனை ஊசி முனையா நட்சத்திரம். அப்புறம் நூலோட நுனி வந்துச்சு. ரெண்டாப் பிரிஞ்சது ஒண்ணாச் சேருது, வளையுது, பூ இருக்கிற பக்கமா ஏறிப் போகுது.

தாள் தரையில படாம இருக்க மச்சான் ரெண்டு கையையும் கீழ ஏந்திக்கிட்டு நின்னாரு. இதுவரைக்கும் எத்தனையோ ஆயிரம் முகத்தை வழவழப்பாக்கிக் குடுத்த ஆளு, அந்தச் சொரசொரப்பைக் குனிஞ்சு கிட்டப் பாத்தாரு.

"இன்னும் பூவே வரல மாமா"ன்னாரு. "இதுக்கே என் கை மயிரெல்லாம் நிக்குது, பாருங்க."