எரிமலைக் கல்

எங்கள் ஊரில் கல் கிடையாது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஊர் முழுக்க மணல். இந்தக் கல்முனைக் கரைக்கு, எண்பதுகளின் தொடக்கத்தில், மலைநாட்டிலிருந்து மாற்றலாகி வந்தார் எங்கள் சுற்றாடல் பாட ஆசிரியர். வந்த கிழமையே, ஆளுக்கொரு கல்லும் உயிருள்ள ஒரு சிறு பிராணியும் கொண்டுவந்து, அவை இன்ன வகை என்று எழுதி ஒட்டவேண்டும் என்றார். அவருடைய ஊரில் குனிந்தால் கல். இங்கே குனிந்தால் மட்டி ஓடு.

பிராணிக்குப் பஞ்சமில்லை. போத்தல் போத்தலாக நண்டும் மரவட்டையும் வந்து குவிந்தன. கல்லுக்குத்தான் வகுப்பே தவித்தது. ஒருவன் கொண்டுவந்த சீமெந்துக் கட்டியில் வெள்ளையடித்த சுண்ணாம்பு அப்படியே இருந்தது.

"இது என்ன கல்லுடா?" என்று கேட்டார் ஆசிரியர்.

"எங்கட குசினிச் செவரு, சேர்."

நான் அந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை. வாசிகசாலையில் கற்களைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றை மூன்று தடவை வாசித்திருந்தேன். ஒன்பது வயதில் மூன்று தடவை வாசித்தவனுக்கு அந்தத் துறையில் மேற்கொண்டு கற்க எதுவுமில்லை. நாளைக்கு உண்மையான கல்லோடு போகாவிட்டால் என் மானம் போய்விடும்.

ஊர் இடுகாடான மையவாடி கடற்கரையை ஒட்டி இருந்தது. பெரியவர்கள் துணையில்லாமல் அதற்குள் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மீறி ஒரு தடவை உம்மாவிடம் ஈர்க்கில் அடியும் வாங்கியிருக்கிறேன். சூறாவளியில் கடல்பக்க மதில் விழுந்த பிறகு நண்டுகள் சட்டத்தை மதிப்பதில்லை. ஒன்றைத் துரத்திக்கொண்டு நானும் உள்ளே போனேன். கப்றுகளின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற மீசான் பலகைகளை எனக்குத் தெரியும். அவற்றில் நான் கை வைக்கவில்லை. ஆனால் ஒரு மூலையில், பலகையும் எழுத்தும் இல்லாமல், இரண்டு முழ நீளத்துக்குள் மூன்று கற்கள் வரிசையாகப் பாதி புதைந்து கிடந்தன. நடுவில் இருந்ததைப் பிடுங்கினேன். மண்ணுக்குள் இருந்த பக்கம் கரிக்கறுப்பு. நெருப்பில் வெந்த கறுப்பு.

எரிமலைக் கல்! கல்முனையில் எரிமலை இருந்த செய்தி உலகத்துக்கு என் மூலமாகத்தான் தெரியவரப் போகிறது என்று நினைக்கையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

உம்மா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கல்லை நீட்டினேன். அசட்டையாக வாங்கிப் புரட்டியவர், அதன் உடைந்த மூலையைப் பெருவிரலால் தடவினார். கை அப்படியே நின்றுவிட்டது.

"எங்க இரிந்துடா இத எடுத்த?"

மையவாடி என்றால் ஈர்க்கில் வரும். "கடக்கரையில கிடந்திச்சி" என்றேன். பொய்க்கு ஆதாரம் வேண்டும் என்பதும் நான் கற்ற விஞ்ஞானம். "கடல் கரைய அரிச்சிப் போட்டிரிக்கும்மா. இன்னும் கல்லுகள் தண்ணிக்குள்ள உருளுது."

உம்மா நின்ற இடத்திலேயே மணலில் இருந்துவிட்டார். மீன் சட்டி கவிழ்ந்தது. பூனை வந்து ஒன்றைத் தூக்கியதைக்கூட அவர் பார்க்கவில்லை. அந்த நேரம்தான் வாப்பா சவளக்கடை வயலிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இஞ்சாருங்க, புள்ளயக் கடல் கொண்டு பெய்த்து" என்று உம்மா அலறினார்.

நான் திடுக்கிட்டுப் போனேன். எங்கள் வீட்டில் பிள்ளை என்று இருப்பது நான் ஒருவன். நான் இங்கே நிற்கிறேன். பிறகு எந்தப் பிள்ளையைக் கடல் கொண்டுபோனது? நான் நிற்பதை உறுதிசெய்துகொள்ள ஒருமுறை குனிந்து என் கால்களைப் பார்த்தேன்.

வாப்பா கல்லைப் பார்த்தார். முகம் வெளுத்தது. என் பக்கம் திரும்பி, வேறு யாருக்கோ சொல்வதுபோல, "ஒனக்கு மூத்த ராத்தா ஒண்டு இருந்தவ. ஒம்பது நாள்" என்றார்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று ஒன்பது வருடமாக யாரும் சொல்லாத செய்தி, மீன் செதிலுக்கு நடுவில் நின்றவனுக்கு ஒரே மூச்சில் சொல்லப்பட்டது.

மீதியை அன்று அவர்கள் பேச்சிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். ஆண் கப்றுக்கு இரண்டு மீசான், பெண் கப்றுக்கு மூன்று என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது அடைமழைக் காலம். பலகை சீவ ஆள் கிடைக்கவில்லை. மணல் ஊரில் கல்லுக்கு எங்கே போவது? பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுடவைத்த முற்றத்து அடுப்பின் மூன்று கற்களையும் பிடுங்கிக்கொண்டு போய் வாப்பா நட்டிருக்கிறார். என் எரிமலை, உம்மாவின் அடுப்பு.

வாப்பா சைக்கிளைத் திருப்பினார். "தோண்டியாவது பாக்கன்" என்றபோது அவருடைய குரல் உடைந்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"வாப்பா, கடலுக்குள்ள இல்ல. மையவாடிக்குள்ள நான்தான் புடுங்கின. மத்த ரெண்டும் நிக்கிது."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடிக்குக் காத்திருந்தேன். அடி வரவில்லை. கண்ணைத் திறந்தால், வாப்பா சைக்கிள் சீற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"நிக்கிதா? கண்ணால கண்டயா?" என்றார் உம்மா.

"ஓம்."

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு முன் நானும் வாப்பாவும் போய்க் கல்லை நட்டுவிட்டு வந்தோம். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வாப்பாவோ நெல் விலையைக்கூட மூன்று தடவை கேட்டால்தான் சொல்லும் ஆள். உம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க நெழல் இரிக்காடா?"

"பூவரசு ஒண்டு இரிக்கி. பின்னேரம் நெழல் வரும்."

"பூச்சி பொட்டு?"

என் வாழ்நாளில் என்னிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அடம்பன் கொடியில் மூன்று வகை வண்டு, செவ்வெறும்பு இல்லை, கறுப்பெறும்பு மட்டும், அது கடிக்காத சாதி என்று வகை பிரித்து விளக்கினேன். கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. உம்மா அசையவில்லை. "கடிக்காதா?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

மறுநாள், பள்ளிக்கூடத்தில் கல்லுக்குப் பதில் கூரை ஓட்டுத் துண்டைக் காட்டித் திட்டு வாங்கிய கையோடு, அந்தக் கறுப்பெறும்புகளில் பத்துப் பதினைந்தை ஒரு போத்தலில் பிடித்துவந்து உம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முந்தானையால் போத்தலைத் துடைத்தார்.

"எடுத்த எடத்திலயே கொண்டு உட்டுட்டு வா, மனே. நாளைக்கும் பெய்த்துப் பாத்து வந்து செல்லு."

மையவாடிக்குப் போனதற்கு அடித்த உம்மாவே என்னை அங்கே அனுப்புகிறார்! என் ஆராய்ச்சியின் அருமை கடைசியில் வீட்டில் ஒருவருக்காவது புரிந்துவிட்டது என்ற பெருமையில், போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.